நிலத்துக்கு ஏது தேதி

கண்ணு,

போன வாரம் நீ சென்னையிலிருந்து அனுப்பிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. உன் அப்பா திருக்கோவிலூர் போய் எடுத்துவந்து கூடத்தில் வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவலாம் என்று ஒன்றைக் கையில் எடுத்தவள் மூன்றாவது மூலையில் நிறுத்திவிட்டேன். என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று அச்சாகியிருந்தது. உடனே உனக்குப் போன் போட்டு என்னென்னவோ பேசினேன். யாரைக் கேட்டுப் போட்டாய் என்றேன், பெற்றவளை ஊர் சிரிக்க வைக்கிறாயா என்றேன், அந்தச் சொல்லை மறைக்க ஸ்டிக்கர் அடித்து அனுப்பு என்றேன். நீ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டேன். நேற்று கல்வராயன்மலைக்குப் போய் கோவிந்தன் வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தேன். அங்கே நடந்ததற்குப் பிறகு உன்னோடு போனில் பேச எனக்குத் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஆய்வேட்டை எழுதி முடிக்காதவளுக்கு ஒரு கடிதமாவது முடிகிறதா பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதிவரை நம்பிக்கையோடு படித்துக்கொண்டு போக வேண்டாம். இந்த மாதக் கடைசியோடு என் பதிவு காலாவதியாகிறது. நான் ஆய்வேட்டைக் கொடுக்கப்போவதில்லை. தொலைநிலைக் கல்வியில் முனைவர் பட்டத்துக்கு நான் பதிவு செய்தபோது நீ பத்தாம் வகுப்பில் இருந்தாய். ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். முடியாவிட்டால் மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு, பெண்ணாக இருந்தால் கூடுதலாக இன்னும் இரண்டு. அந்த விதியை முதலில் படித்தபோது, இதை எழுதியவர் தன் அம்மாவை வீட்டில் கவனித்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் பாதி நாள்தான் கவனித்திருக்கிறார். உன் தாத்தா படுக்கையில் விழுந்து எழுந்திருக்காமலே போன காலம் முதல் ஆறில் பெரும்பகுதியைத் தின்றது. உன் பரீட்சைகள், தேர்தல் வேலை, கொரோனா எல்லாம் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒவ்வொரு முறை நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் உன் அப்பா தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்பார், "கரும்பே வருசத்துல வெட்டுக்கு வந்துடுது. இது எப்பத்தான் வெட்டு?" என்று. கேலியாகத்தான் கேட்பார். கடைசி வருஷம் அவர் அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டார். எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும்.

நான் எதை ஆராய்ந்தேன் என்று உனக்கே முழுதாகத் தெரியாது. ஒவ்வொரு அரையாண்டும் முன்னேற்ற அறிக்கையைக் கணினியில் அடித்துக் கொடுத்தவன் நீதான். ஆனால் எழுத்துப் பிழையைப் பார்ப்பாயே தவிர விஷயத்தைப் பார்க்கமாட்டாய். வேலையில் சேர்ந்த புதிதில் நான் வெள்ளிமலையில் இருந்தேன் இல்லையா, அப்போது கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கோவிந்தனும் அவர் மனைவி அலமேலுவும் பழக்கமானார்கள். அவர்களுக்குச் சரிவில் ஒரு கொத்துக்காடு உண்டு. ஏர் பூட்ட முடியாத இடம், கையால் கொத்தித்தான் சாமை விதைப்பார்கள். சில வருஷம் விளைந்தபின் அந்த நிலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அதைப் படுக்கப் போடுவது என்பார்கள். புல்லும் புதரும் மண்டி, இலை விழுந்து மக்கி, மண் பழையபடி கறுத்து வரும்வரை தொடமாட்டார்கள். பிறகு ஒரு நாள் வீட்டார் எல்லாரும் போய், மூலையில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்து, வீட்டுப் பெண் முதல் கொத்துக் கொத்தி, நிலத்தை எழுப்புவார்கள். எந்த வருஷம் எழுப்புவது, அதை யார் முடிவு செய்கிறார்கள், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அந்த நாளை வெளியாள் யாரும் குறிக்க முடியாது என்பது என் வாதம். நான் பதிவு செய்த வருஷம்தான் அவர்கள் அந்த நிலத்தைப் படுக்கப் போட்டார்கள். அது படுத்ததையும் எழுந்ததையும் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம், ஆறு வருஷம் தாராளம் என்று நினைத்தேன்.

சித்திரை பிறந்தால் நான் மணலூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு ஒரு பஸ், கரியாலூரிலிருந்து ஜீப் என்று கிளம்பிவிடுவேன். உனக்கு லீவு நாளில் அம்மா வீட்டில் இல்லை என்று வருத்தம் இருந்தது, நீ சொன்னதில்லை. கோவிந்தன் என்னைச் சரிவின் உச்சிக்கு அழைத்துக்கொண்டு போவார். அலமேலு மட்டும் உள்ளே இறங்குவார். புதரை விலக்குவார், மண்ணைக் கிளறுவார், எடுத்து முகர்ந்து பார்ப்பார். மேலே ஏறி வந்து, "இன்னும் ஆவல" என்பார். என்ன ஆகவில்லை என்று நான் விடாமல் கேட்பேன். "இன்னாத்த சொல்றது டீச்சரம்மா, ஆவலன்னா ஆவல" என்று அவர் சிரிப்பார். அவருக்கும் அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் கேட்டு வாங்கத் தெரியவில்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் நெறியாளர் ஓரத்தில் 'அளவுகோல் என்ன?' என்று சிவப்பு மையில் கேட்பார். அந்த நெறியாளரும் ஓய்வு பெற்றுப் போனார். வேறு நெறியாளர் கிடைக்க ஒரு வருஷம் அலைந்தேன், அந்த வருஷமும் என் கணக்கில்தான் ஓடியது. புதியவர் நல்ல பிள்ளை, உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வேறு வீட்டு நிலத்தைப் பார்த்து எழுதி முடித்துவிடுங்கள் அம்மா என்றார். வேறு வீடுகளில் படுத்த நிலமே இல்லை. சரிவு முழுக்க மரவள்ளி வந்துவிட்டது. மரவள்ளி வந்த நிலத்தை யாரும் படுக்கப் போடுவதில்லை. கோவிந்தனுக்கும் மரவள்ளி ஆசை இருந்தது. அலமேலுவின் பிடிவாதத்துக்காகவும், வருஷா வருஷம் நான் போய் நிற்பதற்காகவும்தான் அந்த ஒரு நிலம் தப்பிக் கிடந்தது.

போன சித்திரையிலும் "இன்னும் ஆவல" என்றுதான் வந்தது. அது என் கடைசி நீட்டிப்பு. அவர்கள் வீட்டில் களி கிண்டிப் போட்டார்கள். சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக, வருகிற தையோடு என் தேதி முடிகிறது, அதற்குமேல் ஒரு நாள்கூடக் கொடுக்கமாட்டார்கள் என்று சொன்னேன். எல்லாவற்றையும் விட்டுத்தள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னேன். புலம்பினேனே தவிர எதையும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று இன்றைக்கும் என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வைகாசியில் கோவிந்தன் போன் செய்தார், காடு எழுப்புகிறோம் வாங்க என்று. எப்படி ஓடினேன் என்று உனக்குத் தெரியும், அன்று உனக்கு எத்தனை படம் அனுப்பினேன்! அடுப்பும் பொங்கலும் வெட்டிப் போட்ட புதரும் எல்லாம் நான் எழுதிவைத்திருந்த மாதிரியே இருந்தன. ஆகிவிட்டதா என்று கேட்டேன். கோவிந்தன், ஆயிடுச்சி ஆயிடுச்சி என்று இரண்டு தரம் சொன்னார். அலமேலு பானையைவிட்டு நிமிரவில்லை. முதல் கொத்துக் கொத்தும்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் என் குறிப்பில், 'சடங்கின்போது பெண்கள் மௌனம் காக்கின்றனர்' என்று எழுதிக்கொண்டேன். அந்த வரியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆடியில் விதைத்த சாமை முளைத்தது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் நின்றது. பிறகு மஞ்சள் பாய்ந்து, வளராமல் அப்படியே நின்றுவிட்டது. களை அதற்கு மேலே போயிற்று. ஐப்பசியில் நான் போனபோது கதிர் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆடுகளை ஓட்டி மேயவிட்டிருந்தார்கள். கோவிந்தன் மழை சரியில்லை என்றார். மழை நன்றாகப் பெய்த வருஷம் அது, இங்கே நம் கரும்பே சாய்ந்து கிடந்தது. அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போன நேரத்தில் அலமேலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் வேணான்னுதான் சொன்னேன் டீச்சரம்மா. இன்னும் ரெண்டு மூணு மழ பாக்கணும்னேன். இந்த மனுசன் கேக்கல. டீச்சரம்மாவுக்குத் தேதி முடியுது, நெலத்துக்கு ஏது தேதி, அது இன்னா கோச்சிக்கவா போவுதுன்னுட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. அவர் எதிரில் அழுதால் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குக் கால வரம்பு இருந்தது, நிலத்துக்கு இல்லை, அதனால் நிலம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். இப்படி ஒரு தவறை அன்பில்லாத யாராலும் செய்ய முடியாது. கார்த்திகையில் அவர்களுடைய மருமகன் அந்தச் சரிவில் மரவள்ளிக் குச்சி நட்டுவிட்டான். அலமேலு இந்த முறை தடுக்கவில்லை. கெட்டுப்போன நிலத்தை மறுபடி முதலிலிருந்து படுக்கப் போட்டுக் காத்திருக்க அவருக்கும் வயசில்லை. நான் பார்த்து எழுத வேண்டிய காரியம் இனி அந்த மலையில் அந்தப் பக்கம் எங்கேயும் நடக்காது. எனக்கு இன்னும் பத்து வருஷம் நீட்டிப்புக் கொடுத்தாலும் நடக்காது.

சாமை போய்விட்டது என்று மட்டும் உனக்குச் சொன்னபோது, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடு அம்மா, அதுவும் ஆய்வுதானே என்று நீ சொன்னாய். நெறியாளரும் சொன்னார். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், புறத்தேர்வாளர் மலை ஏறிப்போய் விசாரிக்கப்போவதில்லை, வைகாசியில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், ஐப்பசியை விட்டுவிடுங்கள் என்றார். உட்கார்ந்து பார்த்தேன் கண்ணு. ஐப்பசியை விட்டுவிட்டு எழுதினால் அலமேலு முடிவு செய்தார் என்று எழுத வேண்டும். அவர் முடிவு செய்யவில்லை. ஐப்பசியையும் சேர்த்து எழுதினால், வெளியாள் தேதி குறிக்க முடியாது என்று அத்தனை இயல்களில் நான் சொன்னதைக் கடைசி இயல் அடித்துப்போடுகிறது. குறித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் குறித்த தேதியில்தான் அந்த நிலம் எழுந்தது, அந்தத் தேதியை மலைக்குக் கொண்டுபோனவள் நான். அப்படியே எழுதலாம் என்றால் தலைப்பை மாற்ற வேண்டும். தலைப்பை மாற்றும் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. புதிதாகப் பதிவு செய்து முதலிலிருந்து வாருங்கள் என்று அலுவலகத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். முதலிலிருந்து எங்கே வருவது?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏன் அந்தச் சொல்லைப் போட்டாய் என்று எனக்குப் போனில் பேசும்போதே தெரியும், அதனால்தான் உன்னைப் பேசவிடவில்லை. நிச்சயதார்த்தத்தன்று உன் மாமனார் என்னிடம் ஆய்வு முடிந்துவிட்டதா என்று நல்லபடியாகத்தான் கேட்டார். கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் பெயருக்கு முன்னால் முனைவர் உண்டு. பக்கத்திலிருந்த அவர் உறவுக்காரர் ஒருவர், "ஓ, டிஸ்டன்ஸ்லயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு அது புதிதில்லை. என் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலேயே அந்தச் சிரிப்பைப் பலமுறை வாங்கியிருக்கிறேன். ஆனால் உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். தட்டு மாற்றும்போதுகூட அந்த முகம் மாறவில்லை. பத்திரிகையில் அவர்கள் பக்கமும் நம் பக்கமும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். எப்படியும் தையில் கொடுத்துவிடுவாள், ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் என்ன என்று அச்சுக்குக் கொடுத்திருக்கிறாய். நீயும் கோவிந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இரண்டு பேரும் எனக்காக ஒரே காரியத்தைச் செய்திருக்கிறீர்கள். ஆகாததை ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். உன்மேல் எனக்கு இருந்தது கோபம் மட்டுமில்லை என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை என் பெயருக்கு முன்னால் பார்த்தபோது ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு மனைவியாக வரப்போகிற நித்யா, தானும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப்போகிறேன், வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்கப்போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். அத்தை, எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டாள். நான் விதியில் இருப்பதைச் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். பெண்ணுக்கென்று அந்த இரண்டு ஆண்டை யாராவது கொடுக்க வேண்டியிருப்பதே, வீட்டில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வதால்தான். நம் வீட்டில் எடுத்துக்கொண்டவர்களில் நீயும் ஒருவன், உன் அப்பாவும் ஒருவர். உங்கள்மேல் எனக்குக் குறை இல்லை, கேட்காமலே கொடுத்தவள் நான். அவள் படிக்கிறேன் என்று உட்காரும்போது நீ அடுப்படிக்குப் போ. முடியுமா முடியாதா என்று கேட்டுக்கொண்டே இருக்காதே. அவள் முடிப்பாளா என்றால், எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரை முடிக்காதவர்கள்தான் அதிகம். வெளியே அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டிக்கர் இன்னும் வந்திருக்கவில்லை. மலையில் யார் வரி வரியாகப் படிக்கப்போகிறார்கள், வாங்கிச் சாமி படத்துப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் போனேன். பாய் விரித்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்தேன். கோவிந்தன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்தாவதுவரை படித்தவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மேலேயிருக்கும் சாமி பெயரிலிருந்து ஒன்றையும் விடாமல் படித்துக்கொண்டே வந்தார். நான் அலமேலுவிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயர் வந்த இடத்தில் கோவிந்தன் நிறுத்திவிட்டார். விரலை வைத்து இன்னொரு தரம் படித்தார்.

"டீச்சரம்மா, முனைவர்னு போட்டுக்கீது. இது அந்தப் பட்டந்தான? வந்துடுச்சா?"

ஸ்டிக்கர் வருகிறது, தப்பாக அச்சாகிவிட்டது, பையன் அவசரப்பட்டுவிட்டான். சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரை வந்தது. அலமேலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே, சரிவில், மரவள்ளி முழங்கால் உயரத்துக்கு நின்றது. நான், "வந்துடுச்சிண்ணே" என்றேன்.

கோவிந்தன் பத்திரிகையை மனைவி பக்கம் நீட்டி, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"பாத்தியா? அப்ப நெலம் சும்மா போவல."

அலமேலு அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைகாசிக்குப் பிறகு அவர் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். எனக்குக் காபி போட எழுந்து போனார்.

ஸ்டிக்கர் இன்று காலை வந்துவிட்டது கண்ணு. நீ எவ்வளவு கச்சிதமாக அளவெடுத்து அடித்திருக்கிறாய், ஒட்டினால் ஒட்டியதே தெரியவில்லை. நானும் உன் அப்பாவும் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். மலையில் இருக்கும் அந்த ஒன்றில் ஒட்ட முடியாது. அவர்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள், முதல் நாளே பஸ் ஏறிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் என் பதிவு முடிந்திருக்கும். கோவிந்தன் சும்மா இருக்கமாட்டார், எங்க டீச்சரம்மா பட்டம் வாங்கிட்டாங்க என்று மண்டபத்தில் யாரிடமாவது சொல்லுவார், உன் மாமனாரிடமே போய்ச் சொன்னாலும் சொல்லுவார். யாரும் சிரிக்காமல் நீ பார்த்துக்கொள். நித்யாவிடம் சொல்லிவை, அவள் அப்பாவிடம் அவளே பேசிக்கொள்ளட்டும். ஊரிலிருக்கும் மற்ற எல்லாருக்கும் நான் வெறும் டீச்சர், அதில் எனக்கு வெட்கமில்லை. அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக் கிளம்பும்வரை நான் முனைவர்தான்.

அம்மா